பதினாறாவது இலக்கம்: திருப்பூர் தையல் யூனிட் ஒன்றின் வாரச் சம்பளப் பட்டியல் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

திருப்பூரில் அவினாசி ரோட்டை ஒட்டி இயங்கும் ஒரு தையல் யூனிட். கட்டிங் ஆகி வரும் பீஸ்களை ஓவர்லாக், பேட்லாக் அடித்து, செக்கிங், அயர்னிங், பேக்கிங் முடித்துத் திருப்பி அனுப்பும் ஜாப் ஒர்க். ஆட்கள் 88 பேர். பாதிப் பேர் உள்ளூர் மற்றும் தென் மாவட்டங்கள், மீதி ஒடிசா, பீகார். கணக்கு ஷிப்டில், 8 மணி நேரம் ஒரு ஷிப்ட். சம்பளம் சனிக்கிழமை சாயங்காலம்.

இந்த ஊரில் சனிக்கிழமைச் சம்பளத்துக்கு இருக்கும் கனம் தெரியாமல் இந்த நிகழ்வின் அவசரம் புரியாது. ஞாயிறு ஒரு நாள்தான் விடுமுறை. வாரத்துக்கு வேண்டிய அரிசி, காய்கறி, ரூம் வாடகையில் தன் பங்கு, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் அன்றைக்குத்தான். சனி ராத்திரி பணம் வரவில்லை என்றால் அது திங்கட்கிழமை பேசித் தீர்க்கும் விஷயம் அல்ல.

யூனிட்டில் கவரில் பணம் போட்டுக் கொடுக்கும் பழக்கம் போய், வங்கி வழியாகச் சம்பளம் போட ஆரம்பித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. முறை எளிமையானது. கைரேகை மெஷினிலிருந்து வருகைப் பதிவு சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) வரும். கணக்கர் அதை எக்செல் 2013-ல் திறந்து, ஆட்களின் விவரம் உள்ள மாஸ்டர் ஷீட்டோடு விலுக்அப் (ஆள் எண்ணைத் தேடிப் பொருத்தும் ஃபங்ஷன்) போட்டு இணைத்து, சம்பளம் கணக்கிட்டு, அட்வான்ஸைக் கழித்து, வங்கி கேட்கும் வடிவில் இன்னொரு சிஎஸ்வி ஆக்கி ஏற்றுவார். நான்கு மாதமும் பிசகில்லாமல் ஓடியது. அந்த 88 பேரில் 63 பேருக்கு 13 இலக்கக் கணக்கு எண், 14 பேருக்கு 11 இலக்கம், 11 பேருக்கு 15 இலக்கம். பிசகில்லாமல் ஓடியதற்குக் காரணம் இந்த எண்களின் நீளம்தான் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

ஷிப்மென்ட் நெருக்கியதால் ஒரு லேபர் கான்ட்ராக்டர் மூலம் 30 பேர் புதிதாக வந்தார்கள். 22 பேரின் விவரம் கையெழுத்தில் ஒரு தாளாக வந்தது. கணக்கர் அதைத் தானே அடித்தார். மீதி 8 பேரின் விவரம் வாட்ஸ்அப்பில் எக்செல் கோப்பாக வந்தது. அதை அப்படியே மாஸ்டர் ஷீட்டின் கீழே பேஸ்ட் செய்தார். தாளில் வந்த 22 பேரும் ஒரே வங்கியில் கணக்கு வைத்திருந்தவர்கள். அந்த வங்கியில் கணக்கு எண் 16 இலக்கம்.

சனிக்கிழமை: முதலில் தெரிந்தது

மாலை 5 மணிக்கு 110 பேருக்கான கோப்பு ஏற்றப்பட்டது. 118 பேர் இருக்க 110 ஏன் என்று அப்போது கேள்வி எழவில்லை. சம்பளம் பூஜ்யமாக வந்த வரிகளைக் கணக்கர் வழக்கம்போல ஃபில்டரில் நீக்கிவிட்டு ஏற்றுவார், அவர்கள் அந்த வாரம் வராதவர்கள் என்று பொருள்.

ஏழு மணிக்குள் 90 பேருக்குப் பணம் ஏறியது. வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் நெஃப்ட் முறை 2019 டிசம்பரிலிருந்து 24 மணி நேரமும் அரை மணிக்கு ஒரு தொகுப்பாக ஓடுவதால், திரும்புவதும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. 19 பரிமாற்றங்கள் ‘கணக்கு எண் தவறு’ என்று திரும்பின. ஒன்று மட்டும் வெற்றி என்று காட்டியது, ஆனால் அந்த டெய்லருக்குப் பணம் வரவில்லை. ஆபீஸ் வாசலில் நின்றவர்கள் மொத்தம் 28 பேர். “மெசேஜே வரலைங்க அக்கா, பேங்க்ல போட்டாச்சுங்களா?” என்ற கேள்விக்குக் கணக்கரிடம் பதில் இல்லை. அவர் திரையில் பார்த்தபடி எல்லா எண்ணும் சரியாகவே இருந்தது.

முதல் முடிவு: கோப்பைத் தொடுவதில்லை

மேனேஜர் எடுத்த முதல் இரண்டு முடிவுகள் பின்னால் வந்த எல்லாவற்றையும் சுலபமாக்கின. அனுபவமுள்ள இடங்களில்கூட இவை தவறிப்போவதைப் பார்க்கிறோம், அதனால் காரணத்தோடு பதிகிறோம்.

ஒன்று, அன்று இரவே கோப்பைத் திருத்தி மறுபடி ஏற்ற வேண்டாம் என்றார். தவறு என்ன என்று தெரியாமல் மறுபடி ஏற்றினால் மறுபடி திரும்பும். அதைவிட மோசம், 90 பேரில் யாருக்காவது இரட்டைச் சம்பளம் போய்விடும். கோப்பின் நகல் ஒன்று பென்டிரைவில் எடுத்து வைக்கப்பட்டது, ஏற்றிய சிஎஸ்வியும் சேர்த்து. எது எப்போது கெட்டது என்று பிறகு கண்டுபிடிக்க அந்த நகல்தான் உதவியது.

இரண்டு, 28 பேருக்கும் தலைக்கு 1,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்து நோட்டில் கையெழுத்து வாங்கினார். முழுச் சம்பளத்தையும் ரொக்கமாகக் கொடுக்காததற்குக் காரணம், திரும்பி வராத அந்த ஒரு பரிமாற்றம். திரும்பியது எது, போனது எது என்று முழுதாகத் தெரியும் முன் முழுப் பணம் கொடுத்தால் வசூலிக்க ஆட்களிடம் போய் நிற்க வேண்டிவரும். ஒன்றுமே கொடுக்காமல் அனுப்பவும் முடியாது.

திங்கட்கிழமை: கோப்பில் தெரிந்தது

ஆடிட்டர் ஆபீஸிலிருந்து எக்செல் நன்கு தெரிந்த ஒருவர் வந்து பார்த்தார். பார்த்தது ஒரு கோப்பு, கண்டது தனித்தனியான பல பிழைகள். ஆனால் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே. எக்செல் செல்லுக்குள் இருக்கும் மதிப்பு வேறு, அதன் மேல் போர்த்தியிருக்கும் ஃபார்மட் வேறு. கண்ணுக்குத் தெரிவது போர்வைதான்.

கணக்கு எண்கள். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 16-ஆவது இலக்கத்திலிருந்து எல்லாம் பூஜ்யமாகிவிடும். 1234567890123456 என்று அடித்து என்டர் தட்டிய கணத்தில் உள்ளே பதிவது 1234567890123450. இது காட்சிப் பிழை அல்ல, அந்த 6 எங்கேயும் சேமிக்கப்படவில்லை.

கணக்கர் இதைக் கவனிக்காமல் விட்டது அசட்டையால் அல்ல. எக்செல் தானாக வைக்கும் ஜெனரல் ஃபார்மட் 11 இலக்கம் வரைதான் எண்ணை முழுதாகக் காட்டும். 12 இலக்கம் ஆனதும் 1.23457E+15 போன்ற சுருக்க வடிவுக்குப் போய்விடும். நான்கு மாதம் முன்பு 13 இலக்க எண்களை அடித்தபோதும் இப்படித்தான் வந்தது. அப்போது ஃபார்மட்டை நம்பர் என்றும் தசமத்தை 0 என்றும் மாற்றியதும் எண் முழுதாகத் தெரிந்தது, சரியாகவும் இருந்தது. 13 இலக்கத்துக்கு அந்த மருந்து சரியான மருந்து. அதையே 16 இலக்கத்துக்கும் போட்டார். 16 இலக்கமும் வரிசையாகத் தெரிந்தன. தாளோடு ஒப்பிட்டபோது முன்பாதியைத்தான் எல்லோரும் ஒப்பிடுவார்கள், கடைசி ஓர் இலக்கத்தை யார் பார்க்கிறார்கள்?

பிழையைப் பிடித்துக் கொடுத்தது ஒரு சின்னச் சோதனை. ஓரத்துக் காலத்தில் (எக்செல்லின் நெடுவரிசையில்) ரைட் ஃபங்ஷன் போட்டு ஒவ்வொரு எண்ணின் கடைசி இலக்கத்தை மட்டும் எடுத்தார். 13 இலக்க எண்களில் 0 முதல் 9 வரை கலந்து வந்தது. 16 இலக்கத்தில் 22-க்கு 22-ம் பூஜ்யம். இயல்பாக இருந்தால் பத்தில் ஒன்றுதான் பூஜ்யத்தில் முடியும். தாளை எடுத்துப் பார்த்தால் உண்மையிலேயே பூஜ்யத்தில் முடிந்தவை இரண்டே. அந்த இரண்டு பேருக்கும் சனிக்கிழமையே பணம் ஏறியிருந்தது. மீதி 20-தான் திரும்பிய 19-ம், காணாமல் போன ஒன்றும். காணாமல் போனதற்கும் விடை கிடைத்தது. நெஃப்டில் வரவு வைப்பது கணக்கு எண்ணைக் கொண்டுதான், பெயரைப் பொருத்திப் பார்ப்பதில்லை. கடைசி இலக்கம் பூஜ்யமான எண்ணில் வேறு ஒருவருக்கு உண்மையாகவே கணக்கு இருந்தது.

ஆள் எண்கள். பூஜ்யச் சம்பளம் வந்த 8 பேர் வேறு ஆட்கள்; வாட்ஸ்அப் கோப்பில் வந்தவர்கள். மாஸ்டர் ஷீட்டில் பழைய ஆட்களின் எண் 0047, 0052 என்று தெரியும். உள்ளே இருப்பது 47, 52 என்ற எண்கள்தான். 0000 என்ற கஸ்டம் ஃபார்மட் முன்னால் பூஜ்யம் போட்டுக் காட்டுகிறது. மெஷினின் சிஎஸ்வியை டபுள் கிளிக்கில் திறக்கும்போது அதிலுள்ள 0047-ஐயும் எக்செல் 47 ஆக்கிவிடும். எண்ணும் எண்ணும் பொருந்தும், விலுக்அப் வேலை செய்யும். ஆனால் கான்ட்ராக்டர் கோப்பில் வந்த எட்டும் டெக்ஸ்ட். நான்கு எழுத்துகள் கொண்ட சொல். பார்வைக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்று, விலுக்அப்புக்கு இரண்டும் வெவ்வேறு.

பொருந்தாதபோது எக்செல் பிழை காட்டியிருக்கும். அதையும் இஃப்எரர் போட்டு 0 ஆக்கி வைத்திருந்தார்கள், பட்டியல் அழகாக இருக்க வேண்டுமென்று. ஆறு நாள் வேலை செய்த எட்டுப் பேர், வராதவர்கள் ஆனது இப்படித்தான். இன்னொரு தடயமும் அழிந்திருந்தது: எண் வலப்பக்கமும் டெக்ஸ்ட் இடப்பக்கமும் ஒதுங்கும், அதுவே கண்டுபிடிக்கப் போதும். ஆனால் அந்தக் காலம் முழுதும் நடுவில் அலைன் செய்யப்பட்டிருந்தது. எண் கோப்புகளில் சென்டர் அலைன்மென்ட் போடவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

அட்வான்ஸ். கான்ட்ராக்டர் 13 பேருக்குக் கொடுத்த அட்வான்ஸைப் பட்டியலாக அனுப்பியிருந்தார். எல்லாம் 1,500/- என்ற பாணியில். செக்கிலும் ரசீதிலும் நாம் எல்லோரும் எழுதும் முறைதான். எக்செல்லுக்கு அது டெக்ஸ்ட். ஆள்வாரியாக அட்வான்ஸைக் கூட்ட சம்இஃப் போட்டிருந்தார்கள். சம், சம்இஃப் இரண்டும் டெக்ஸ்டைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். ஆக 14,500 ரூபாய் பிடிக்கப்படாமல் போயிருந்தது.

மணிக்கணக்கு. இது தேடாமல் அகப்பட்டது. மெஷின் கோப்பில் வார மொத்த மணி நேரத்தைக் கூட்டும் காலத்தில் 54 மணி வேலை செய்த ஒருவருக்கு 06:00 என்றும், சரியாக 48 மணி செய்தவர்களுக்கு 00:00 என்றும் இருந்தது. சாதாரண நேர ஃபார்மட் 24 மணியைத் தாண்டியதும் நாளைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டும். 48 மணி என்பது இரண்டு நாள், மிச்சம் பூஜ்யம். ஒரு நாளும் விடாமல் ஆறு ஷிப்ட் வந்தவருக்குப் பூஜ்யம்! சம்பளம் ஷிப்ட் எண்ணிக்கையில் கணக்கிடப்பட்டதாலும், ஓவர்டைமை சூப்பர்வைசர் தன் நோட்டிலிருந்து எடுத்ததாலும் பணத்தில் நஷ்டம் இல்லை. ஆனால் வாரா வாரம் சரிபார்க்கப் பிரின்ட் எடுத்து வைத்த அந்தக் காலம் ஒரு நாளும் எதையும் சரிபார்த்ததில்லை.

பைசா. பட்டியலின் மொத்தத்துக்கும் வங்கிக் கோப்பின் கூட்டுத்தொகைக்கும் அந்த வாரம் 4 ரூபாய் வித்தியாசம். ஒவ்வொரு வரியிலும் பைசா மறைக்கப்பட்டிருந்ததே தவிர ரவுண்ட் செய்யப்படவில்லை. மொத்தம் மறைந்த பைசாவையும் சேர்த்துக் கூட்டியது.

திருத்திய முறையும் காரணமும்

கணக்கு எண்களுக்கு முதலில் வந்த யோசனை, அந்தக் காலத்தை டெக்ஸ்ட் ஃபார்மட்டுக்கு மாற்றிவிடலாம் என்பது. மாற்றினால் இனி அடிப்பவை காப்பாற்றப்படும், தொலைந்த இலக்கம் திரும்பாது. பழைய பேக்கப் கோப்பும் உதவாது, அதிலும் அடித்தபோதே போய்விட்டது. பாஸ்புக் முதல் பக்கத்தின் நகலை மட்டுமே மூலமாகக் கொள்வது என்று முடிவானது. கையெழுத்துத் தாளையும் நம்பவில்லை. அதுவும் யாரோ பார்த்து எழுதியதுதான்.

செய்த வரிசை இது. காலம் முழுவதையும் தேர்ந்து டெக்ஸ்ட் ஃபார்மட் வைத்தார்கள். அடித்த பிறகு வைத்தால் பயனில்லை. ஒருவர் பாஸ்புக்கைப் பார்த்து நான்கு நான்கு இலக்கமாக வாசிக்க, கணக்கர் அடித்தார். பிறகு கணக்கர் திரையைப் பார்த்துக் கடைசியிலிருந்து முன்னோக்கி வாசிக்க, மற்றவர் பாஸ்புக்கைப் பார்த்து ஒப்பிட்டார். தலைகீழாக வாசித்தால் பழக்கத்தில் தாண்டிப் போவது குறையும். 22 எண்களுக்கு 40 நிமிடம் ஆனது.

இந்த இடத்தில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. எண்ணை டெக்ஸ்டாக வைத்ததும் செல்லின் மூலையில் பச்சை முக்கோணம் வரும். கிளிக் செய்தால் ‘கன்வர்ட் டு நம்பர்’ என்று கேட்கும். சம்பளக் காலத்தில் அந்த யோசனை சரி. கணக்கு எண் காலத்தில் அதைத் தட்டினால் 16-ஆவது இலக்கம் மறுபடி பூஜ்யம். எக்செல் ஆப்ஷன்ஸில் ஃபார்முலாஸ் பகுதியில் அந்த விதி நிறுத்தப்பட்டது. இரண்டாவது, ஒரே எண் இரண்டு ஆளுக்கு அடிபட்டிருக்கிறதா என்று கவுன்ட்இஃப் போட்டுப் பார்த்தபோது இரண்டு வரிகளை ஒன்று என்றது. பாஸ்புக்கில் அவை கடைசி இலக்கத்தில் வேறுபட்டவை. கவுன்ட்இஃப், டெக்ஸ்டாக இருந்தாலும் எண் போலத் தெரிந்தால் எண்ணாக்கி ஒப்பிடும், 15 இலக்கத்தோடு நின்றுவிடும். சம்புராடக்ட்டில் நேரடிச் சமக்குறி ஒப்பீடு வைத்ததும் சரியாகப் பிரித்தது.

வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டுக்கும் ஒரு சோதனை சேர்த்தார்கள்: மொத்தம் 11 எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம் என்ற இலக்கம். ஒரு வரியில் அந்த இடத்தில் ஆங்கில ‘ஓ’ இருந்தது. எழுத்துரு அளவு சின்னதாக இருந்தால் கண்ணால் பிரிக்க முடியாது.

ஆள் எண் விஷயத்தில் இரண்டு வழி இருந்தது. எல்லாவற்றையும் எண்ணாக்கலாம், அல்லது எல்லாவற்றையும் டெக்ஸ்ட் ஆக்கலாம். டெக்ஸ்ட் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆள் எண்ணை யாரும் கூட்டப் போவதில்லை, பெருக்கப் போவதில்லை. அது பெயர் மாதிரி. பிஎஃப்பின் 12 இலக்க யுஏஎன், இஎஸ்ஐயின் 10 இலக்க எண், ஆதார் எல்லாம் இதே வகை. உதவிக் காலம் ஒன்றில் டெக்ஸ்ட் ஃபங்ஷனை 0000 என்ற வடிவத்தோடு போட்டு, முடிவை வேல்யூஸ் பேஸ்ட் செய்தார்கள். மெஷின் கோப்பை இனி டபுள் கிளிக்கில் திறப்பதில்லை. டேட்டா டேபில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்’ வழியே போய், மூன்றாவது படியில் ஆள் எண் காலத்தைத் தேர்ந்து டெக்ஸ்ட் என்று குறிக்க வேண்டும். புதிய எக்செல்லில் அதே இடத்தில் பவர் கொயரி திறக்கும்; அது தானாகச் சேர்க்கும் ‘சேஞ்ச்ட் டைப்’ என்ற படியை நீக்கினால்தான் பூஜ்யங்கள் தங்கும்.

இஃப்எரரின் 0 எடுக்கப்பட்டு, அந்த இடத்தில் ‘ஆள் பொருந்தவில்லை’ என்ற சொல் வைக்கப்பட்டது. ஷீட்டின் தலைப்பில் ஒரு செல் அந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும். அது பூஜ்யமாகாமல் கோப்பு வங்கிக்குப் போகக்கூடாது.

அட்வான்ஸ் பட்டியலில் ஃபைன்ட் அண்ட் ரிப்ளேஸில் /- என்பதை வெற்றிடமாக்கினார்கள். 13-ல் 9 எண்ணாகின. மீதி 4-ன் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருந்தது. ட்ரிம் போட்டும் போகவில்லை. ட்ரிம் நீக்குவது 32 என்ற குறியீடுள்ள சாதாரண இடைவெளியை, இது செய்திகளிலிருந்தும் இணையப் பக்கங்களிலிருந்தும் ஒட்டிக்கொண்டு வரும் 160. ஃபைன்ட் பெட்டியில் ஆல்ட் விசையை அழுத்தியபடி நம்பர் பேடில் 0160 அடித்து நீக்கியதும் சரியானது. பிறகு மேனேஜருக்குப் பழகிய தோற்றம் வேண்டுமென்று #,##0"/-" என்ற கஸ்டம் ஃபார்மட் வைக்கப்பட்டது. இப்போது அடிப்பது 1500, தெரிவது 1,500/-, கூட்டலுக்கும் சேரும். லட்சக் காற்புள்ளிக்கு நீளமான கஸ்டம் ஃபார்மட்டுகள் சொல்வார்கள். அவை மைனஸ் எண்களில் தடுமாறும். விண்டோஸ் ரீஜன் அமைப்பில் இலக்கக் குழுவை 12,34,56,789 என்று வைத்தால் சாதாரண காற்புள்ளி ஃபார்மட்டே 3,41,211 என்று காட்டும். அதைத்தான் செய்தார்கள். வங்கிக்குப் போகும் கோப்பில் மட்டும் தொகைக் காலத்தில் காற்புள்ளியே இருக்கக்கூடாது, ஏனென்றால் சிஎஸ்வி கண்ணுக்குத் தெரிவதையே எழுதும்.

மணிக்கணக்குக்கு, மணியைக் குறிக்கும் எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் வைத்த நேர ஃபார்மட். அதை வைத்ததும் 06:00 என்றது 54:00 ஆனது. மணிக்கு இவ்வளவு என்று சம்பளம் கணக்கிடுவதானால் 24-ஆல் பெருக்குவதை மறக்கக்கூடாது: 54 மணி என்பது எக்செல்லின் உள்ளே 2.25 நாள். மணிக்கு 62.50 ரூபாய் என்றால் வரவேண்டியது 3,375. 24-ஐ விட்டால் வருவது 140.63. பைசாவுக்கு ஒவ்வொரு வரியிலும் ரவுண்ட் ஃபங்ஷன், அவ்வளவுதான்.

செவ்வாய்: சரிபார்க்கப் போய்க் கெடுத்தது

திருத்திய 28 பேருக்கு மட்டும் தனிக் கோப்பு தயாரானது. ஏற்கனவே கொடுத்த 1,000 கழிக்கப்பட்டது. சிஎஸ்வி ஆகச் சேமித்த பின், கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கணக்கர் அதை டபுள் கிளிக்கில் திறந்தார். சிஎஸ்வியில் ஃபார்மட் எதுவும் தங்காது. எக்செல் எல்லாவற்றையும் புதிதாக ஊகித்து, கணக்கு எண்களை மறுபடி எண்ணாக்கியது. மூடும்போது ‘சேமிக்கவா’ என்று கேட்டது, சேமித்தார். கோப்பில் இப்போது 1.23457E+15 என்ற எழுத்துகளே இருந்தன.

ஏற்றும் முன் நோட்பேடில் திறந்து பார்த்ததால் தப்பியது. எக்செல்லின் இந்த ஊகம் சின்ன யூனிட்டை மட்டும் படுத்தும் விஷயமல்ல. செப்டம்பர், மார்ச் மாதப் பெயர் போலத் தெரிந்த மனித ஜீன் குறியீடுகளைத் தேதியாக மாற்றிவிடுகிறது என்பதால் 2020-ல் அந்த ஜீன்களின் குறியீடுகளையே மாற்றினார்கள். மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் ஆப்ஷனைக் கொண்டுவந்தது. எக்செல் 2013-ல் அது கிடையாது.

கோப்பு மறுபடி உருவாக்கப்பட்டு, ரீட் ஒன்லி ஆக்கப்பட்டு, நோட்பேடில் மட்டும் பார்க்கப்பட்டு மதியம் ஏற்றப்பட்டது. தவறிப்போன பரிமாற்றத்துக்கு உரியவருக்கும் இதிலேயே பணம் போடப்பட்டது. வங்கியிடமிருந்து பணம் திரும்பும் வரை அவரைக் காத்திருக்க வைப்பதில் நியாயமில்லை என்று மேனேஜர் கருதினார். 28-ம் ஏறின. தவறான கணக்குக்குப் போன தொகை, வங்கிக்கு எழுதிக் கொடுத்து, அந்தக் கணக்குக்காரர் சம்மதித்து, 17-ஆவது நாள் திரும்பியது. பிடிக்காமல் போன அட்வான்ஸை இரண்டு வாரத்தில் பாதிபாதியாகப் பிடித்தார்கள். ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் பிடித்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை: தவறிய ஒன்று

அந்த வாரம் 6 பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். அவர்களில் இருவருக்குப் பணம் திரும்பியது. டெக்ஸ்ட் ஃபார்மட் வைத்த காலம், கணக்கு எண்ணில் எத்தனை இலக்கம் என்று பார்க்கும் நீளச் சோதனை எல்லாம் இருந்தும் எப்படி?

இந்த ஆறு பேரையும் சூப்பர்வைசர் தன் ஷீட்டில் அடித்து வைத்திருந்தார், கணக்கர் அங்கிருந்து பேஸ்ட் செய்தார். பேஸ்ட் செய்யும்போது மதிப்போடு ஃபார்மட்டும் சேர்ந்து வந்து இங்கிருந்த டெக்ஸ்ட் ஃபார்மட்டை மூடிவிடும். செல்லில் எதை அடிக்கலாம் என்று கட்டுப்படுத்தும் டேட்டா வேலிடேஷனும் பேஸ்டைத் தடுக்காது. அந்த இருவரின் கணக்கு எண் பூஜ்யத்தில் தொடங்கும் 12 இலக்கம். சூப்பர்வைசர் ஷீட்டிலேயே முன்பூஜ்யம் உதிர்ந்து 11 ஆகியிருந்தது. நீளச் சோதனை 11, 13, 15, 16 இருந்தால் சரி என்று விட்டது. 11 இலக்கக் கணக்கு எண் வேறொரு வங்கிக்கு உண்டு அல்லவா.

சோதனை மாற்றப்பட்டது. ஐஎஃப்எஸ்சியின் முதல் நான்கு எழுத்தைக் கொண்டு வங்கியைக் கண்டு, அந்த வங்கிக்குரிய நீளம் இருக்கிறதா என்று பார்க்கும். கூடவே இஸ்டெக்ஸ்ட்: செல்லில் இருப்பது டெக்ஸ்ட் இல்லை என்றால், நீளம் சரியாக இருந்தாலும் வரி சிவப்பாகும். அன்று இரவே அந்த இருவருக்கும் பாஸ்புக் பார்த்துப் பணம் போடப்பட்டது. அதற்கடுத்த சனிக்கிழமை முதல் கணக்கு எண் காரணமாக ஒரு பரிமாற்றமும் திரும்பவில்லை.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

ஒரு புது வங்கியின் ஆட்கள் முதல்முறை சேரும்போது ஆளுக்கு 1 ரூபாய் அனுப்பிப் பார்த்திருந்தால் சனிக்கிழமை ராத்திரி அந்தக் கூட்டம் நின்றிருக்காது. இப்போது வியாழக்கிழமையே அது நடக்கிறது.

மாஸ்டர் ஷீட்டில் கூட்டிப் பெருக்கும் காலங்களுக்கு ஒரு நிறம், பெயராக மட்டும் இருக்கும் எண்களுக்கு வேறு நிறம் வைத்ததை முதல் நாளே செய்திருக்க வேண்டும். கணக்கரை அதிகம் குழப்பியது ஃபார்முலாக்கள் அல்ல, எந்தக் காலம் எந்த வகை என்பதுதான். கான்ட்ராக்டரிடம் இனி எக்செல் கோப்பு வாங்குவதில்லை என்பது எங்களுக்கு முழுச் சம்மதம் இல்லாத முடிவு. கையால் அடிப்பதிலும் பிழை வரும். பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் என்று பழக்கி, அடுத்து இஸ்டெக்ஸ்ட் சோதனையைப் பார்ப்பது போதும் என்று நினைக்கிறோம். ஆனால் மேனேஜர் தாளையே நம்புகிறார். புதிதாகச் சேருவோருக்கு அவர் அச்சடித்த பதிவுத் தாளில் கணக்கு எண்ணுக்கு 18 கட்டங்கள் இருக்கின்றன, கட்டத்துக்கு ஓர் இலக்கம். பாஸ்புக் நகலை அதன் பின்னால் பின் அடித்த பிறகே ஆள் எண் கொடுக்கிறார்கள்.